இயந்திரம் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை!

வெங்காயம் நட்டிருக்கும் வீட்டிலே விடியற்காலையில் இரண்டு கவலைகள் எழும். கிணற்றில் நீர் உண்டா என்பது ஒன்று. அந்நீரை மேலேற்றும் இயந்திரம் இன்று ஓடுமா என்பது மற்றொன்று. முதற் கவலையைத் தீர்க்க வேண்டியது மாரி மழை. இரண்டாவதைத் தீர்ப்பது பெரும்பாலும் நம் கையிலேயே இருக்கின்றது. ஆயினும் நம்மிற் பலர் அதனை உணர்வதில்லை. நாமும் நெடுங்காலம் உணர்ந்திருக்கவில்லை.

ஒரு பங்குனி மாதத்தில் எமது தோட்டத்து இயந்திரம் பேரிரைச்சலோடு ஓடியது. குழாய் வாயிலிலோ ஒரு சொட்டு நீரும் இல்லை. அவசரப்பட்டுக் காபரேற்றரைக் கழற்றினோம். கழற்றியது எளிதாயிற்று, பூட்ட முற்பட்டபோது சிறு சுருள்வில் ஒன்று புழுதியிலே மறைந்துவிட்டது. மூன்றாம் நாள் வந்த மெக்கானிக், இயந்திரத்தைத் தொடுமுன்னே கிணற்றினுள் தொங்கிய குழாயை மேலே இழுத்தார். அதன் அடியிலுள்ள பூட் வால்வை அடைத்துக்கொண்டிருந்த வேப்பிலைக் கொத்தை எடுத்தெறிந்தார். "ஐயா, நோய் காலிலே, நீங்கள் வைத்தியம் பார்த்தது தலைக்கு!" என்று சிரித்தார். புது வில் வாங்கிப் பூட்டியதும் நீர் பாய்ந்தது. அதற்குள் பாத்தியில் வெங்காயத் தாள்கள் வாடி மஞ்சளித்துவிட்டன.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவுமில்லை. வழுக்கையாறுங்கூட மாரியில் மட்டுமே ஓடும். சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புக்களிலும் குழிகளிலும் தங்கும் மழைநீரே எமது கிணற்று நீர். முன்னாளில் ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடப்பார். மற்றொருவர் பட்டையைப் பிடித்து நீரை வாய்க்காலில் ஊற்றுவார். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து அந்த வேலையை இயந்திரம் ஏற்கத் தொடங்கிற்று. துலாவின் பழுது கண்ணுக்குத் தெரிந்தது. கயிறு அறுந்தால் முடிந்துகொள்ளலாம். இயந்திரத்தின் பழுதோ உறைக்குள் ஒளிந்திருப்பது. ஆகவே அதனை ஒழுங்குமுறையோடு தேடவேண்டும். பதறாத காரியம் சிதறாது என்பது இங்கு மிகவும் பொருந்தும்.

இயங்க மறுத்தால்

ஜெர்மானியரான நிக்கொலஸ் ஒட்டோ 1876ஆம் ஆண்டில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய நான்கடிப்பு எஞ்சினின் வழிவந்ததே எம் தோட்டத்துச் சிறு இயந்திரம். மேனாட்டு வீடுகளில் முற்றத்துப் புல்லை வெட்டும் இயந்திரமும் இதற்கு உடன்பிறப்பே. இவை யாவற்றுக்கும் எரிபொருள், காற்று, தீப்பொறி, உருளையினுள் நெருக்கம் ஆகிய நான்கும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் கயிற்றை இழுத்த கைதான் நோகும்.

முதலில் எரிபொருளைப் பாருங்கள். மண்ணெண்ணெய் இயந்திரத்தைப் பெற்றோலில் இயக்கிச் சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓடவிட்டால், காபரேற்றரிற் தங்கிய மண்ணெண்ணெய் எரிந்துவிடும். மறுநாள் தொல்லை இராது.

அடுத்து, தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றுங்கள். அதன் முனை உலர்ந்திருந்தால் எரிபொருள் வந்து சேரவில்லை. நனைந்திருந்தால் எரிபொருள் மிகுதியாக வந்துள்ளது, அல்லது பொறி பிறக்கவில்லை. கரி படிந்திருந்தால் காற்று வடிகட்டி அடைபட்டதோ எனப் பாருங்கள். கரியைத் துடைத்து முனைகளின் இடைவெளியைச் சரிசெய்யலாம். சிறு இயந்திரங்கள் பலவற்றில் அது 0.6 முதல் 0.8 மில்லிமீற்றர் வரை இருக்கும். உங்கள் இயந்திரத்தின் கைந்நூல் கூறும் அளவே முடிவானது.

ஒயிலையும் மறவாதீர்கள். ஒயில் குறைந்தால் தீப்பொறியைத் தானே துண்டிக்கும் அமைப்பு சில புதிய இயந்திரங்களில் உண்டு. ஒயிலின் மட்டம் ஊற்றாமலே உயர்ந்து மண்ணெண்ணெய் மணந்தால், எரியாத மண்ணெண்ணெய் அதனுட் கசிகின்றது என்பது பொருள். அந்த ஒயிலை உடனே மாற்றுக.

ஓடியும் நீர் வராவிட்டால்

இப்போது எஞ்சினை விட்டுக் குழாயிடம் செல்லுங்கள். பம்பின் வயிற்றில் நீர் நிரப்பினீர்களா? அது வெறுமையாக ஓடினால் உறிஞ்சும் ஆற்றல் இல்லை; உள்ளிருக்கும் சீலும் சூடேறிக் கெடும். நிரப்பிய நீர் இறங்கிக்கொண்டே போனால் பூட் வால்வு சரியாக மூடவில்லை. இலையோ மணலோ சிக்கியிருக்கும். நீர் இறங்காமலிருந்தும் வரவில்லையெனில், குழாய்ப் பூட்டுக்களில் காற்றுப் புகுகின்றதா எனப் பாருங்கள். தேய்ந்த றப்பர் வோசர், தளர்ந்த கிளிப், குழாயில் மயிரளவு வெடிப்பு ஆகிய ஒவ்வொன்றும் போதும். ஐயமான இடத்திற் குழைத்த களிமண்ணைப் பூசிப் பார்த்தால் குற்றவாளி அகப்படுவான்.

கோடையில் இன்னொரு காரணமும் உண்டு. மேலிருக்கும் பம்பு நீரைத் தூக்குவதில்லை. வளிமண்டல அழுத்தமே நீரை மேலே தள்ளுகின்றது. கணக்கின்படி ஏறத்தாழ 10 மீற்றர் வரை ஏறலாம். நடைமுறையில் 7 மீற்றருக்கு மேல் எதிர்பார்த்தல் வீண்.

திணறி ஓடினால் முதலில் காற்று வடிகட்டியைத் துப்புரவாக்குங்கள். காபரேற்றரின் திருகாணியைத் தொடவேண்டி வந்தால், அதை மெல்ல உள்ளே திருகி எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் அவ்வெண்ணிக்கைக்கே மீட்டு, காற்சுற்றுக் காற்சுற்றாக மாற்றிப் பாருங்கள். வேகத்தைக் கட்டுப்படுத்தும் வில்லை மட்டும் இழுத்துக் கட்டாதீர்கள். கட்டுமீறிய வேகம் எஞ்சினையே சிதைக்கும்.

உயிரோடு விளையாடவேண்டாம்

நீர் ஆழத்துக்குப் போய்விட்டதென்று எண்ணெய் இயந்திரத்தைக் கிணற்றினுள் இறக்கி ஓட்டுவோர் உண்டு. கிணறு துப்புரவாக்கும்போதும் இவ்வாறு செய்வர். இது மரணத்தை அழைப்பதாகும். புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கமும் இங்கு உதவாது. ஆளைக் கொல்லக்கூடிய அளவு அவ்வாயு இருக்கும்போதும் விளக்கு அணையாது எரியும். மயங்கி வீழ்ந்தவரைக் காப்பாற்ற இறங்கியவரும் வீழ்வது இதனாலேதான். கிணற்றினுள் வேண்டியது மின்சார மோட்டர். எண்ணெய் இயந்திரத்தின் இடம் மேற்தரை. சூடான இயந்திரத்துக்கு எண்ணெய் ஊற்றாதீர்கள். பொறியைச் சோதிக்கும்போது பெற்றோலை எட்ட வையுங்கள். சிந்திய எண்ணெய் கிணற்றை அடையாதிருக்கட்டும். கல்வெடிப்புக்களினூடே அது அயலார் கிணற்றுக்கும் போய்ச் சேரலாம்.

இவற்றையெல்லாம் வீட்டார் ஏன் கற்கவேண்டும்? 1990ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டபின், குடாநாட்டிற்கு எரிபொருள் வருவது தடைப்பட்டது. அக்காலத்தில் மோட்டார்ச் சைக்கிளையும் சில துளி பெற்றோலில் இயக்கி மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் எம்மவர்கள். 2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது. கரி பிடித்த பிளக்கும் காற்றுப் புகும் குழாயும் அந்த எண்ணெயை வீணே குடிப்பவை. செவ்வையான இயந்திரம் அதே நீரைக் குறைந்த எண்ணெயில் தரும்.

செவ்வையான இயந்திரத்தை வேளையோடு நிறுத்தவும் வேண்டும். எமது நன்னீர் கடல்நீரின்மேல் மிதந்து நிற்பது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலெழும். உவரான கிணற்றைத் திருத்த எந்த மெக்கானிக்கும் வரமாட்டார். ஆகவே வீட்டிலுள்ள பிள்ளைகளை அடுத்த ஞாயிற்றுக்கிழமை இயந்திரத்தின் அருகே அழைத்து, பூட் வால்வு எங்கே, பிளக் எங்கே என்று காட்டுங்கள். எப்போது நிறுத்தவேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவையுங்கள்.