ஐந்து வோல்ற் என்று யார் சொன்னது?

பாடசாலைப் புத்தாக்கப் போட்டிகள் நெருங்கும் மாதங்களில் ஒரே கதைதான் காதில் விழுகிறது. வோல்ற்றளவு மாற்றும் மொடியூல் வாங்கினோம், பூட்டினோம், புகை வந்தது. அந்த மலிவான மொடியூல் போனால் பரவாயில்லை. அதோடு சேர்ந்து ரோபோவின் மூளையான ஈஎஸ்பி32 பலகையும் இரண்டு சேர்வோ மோட்டரும் போயிருக்கும். சாமான் சரியில்லை என்கிறான் பெடியன். பெடியனுக்குப் பூட்டத் தெரியாது என்கிறார் கடைக்காரர். தகப்பன் பேசாமல் இன்னொன்றை வாங்கிக் கொடுக்கிறார், அதுவும் எரிகிறது. யாரும் அளந்து பார்க்கவில்லை, யாரிடமும் பற்றுச்சீட்டு இல்லை. பிறகு எந்த அதிகாரி வந்து எதைத் தீர்ப்பது?

உயர்தரத்தில் 2013இல் தொழில்நுட்பப் பிரிவு வந்தது. யாழ் ஐடி ஹப் என்ற அமைப்பு 2012 முதல் யாழ் கீக் சலஞ்ச் என்ற போட்டியை நடத்துகிறது, அதில் பாடசாலைப் பிள்ளைகளும் போட்டியிடுகிறார்கள். குடாநாட்டில் ரோபோ செய்யும் பிள்ளைகள் பெருகியது நல்ல விடயம். ஆனால் மல்டிமீற்றரை ஆய்வுகூட அலுமாரியில் பூட்டி வைத்துவிட்டு, பிள்ளையிடம் பற்றரியையும் வயரையும் மட்டும் கொடுக்கும் பாடசாலைகளை என்னவென்று சொல்வது?

கடைகளில் அதிகம் விற்பது எல்எம்2596 என்ற ஐசி பொருத்திய சிறு பலகை. 12 வோல்ற் பற்றரியைக் கொடுத்தால் அதை 5 ஆகவோ 6 ஆகவோ குறைத்துத் தரும். தானாகக் குறைக்காது, பித்தளைத் திருகாணியைத் திருப்பி நீங்கள்தான் குறைக்க வேண்டும். புதிதாக வாங்கும் பலகை எந்த வோல்ற்றளவில் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. உள்ளே கொடுத்த 12 வோல்ற் ஏறக்குறைய அப்படியே வெளியே வருவதும் உண்டு. "ஐந்து வோல்ற் மொடியூல்" என்று கேட்டு வாங்கியதால் அது ஐந்து வோல்ற் தரும் என்று நம்புவதில்தான் முக்கால்வாசிப் பலகைகள் எரிகின்றன.

ஆகவே முதலில் வெளிப்பக்கத்தில் எதையும் பூட்ட வேண்டாம். பற்றரியை உள்பக்கத்தில் மட்டும் கொடுங்கள். கூட்டல், கழித்தல் குறியை இரண்டு தரம் பாருங்கள், ஏனென்றால் மாறிக் கொடுத்தால் இந்தப் பலகையில் தடுப்பு எதுவும் இல்லை. மல்டிமீற்றரின் சிவப்பு வயர் 10 அம்பியர் துளையில் இல்லை என்பதை உறுதிசெய்யுங்கள். அந்தத் துளையில் வைத்து வோல்ற் அளக்கப் போனால் பற்றரியையே குறுக்கிணைத்து விடுவீர்கள். பிறகு வெளிப்பக்கத்தை அளந்தபடி திருகாணியை மெல்லத் திருப்புங்கள். அது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக 25 சுற்றுவரை எடுக்கும். முதல் பத்துப் பதினைந்து சுற்றில் அளவு அசையாமலே இருக்கலாம். பழுது என்று இந்த இடத்தில் முடிவுகட்டித்தான் பலர் கடைக்குத் திரும்பி ஓடுகிறார்கள். 5.0 வந்ததும் பற்றரியைக் கழற்றி, திருகாணியின் தலையில் ஒரு துளி கியூட்டெக்ஸ் வையுங்கள். ரோபோ ஓடும் அதிர்வில் திருகாணி நகராது. ரோபோவைப் பூட்டிய பின்னும், மோட்டர் ஓடும்போதே இன்னொரு தரம் அளந்து பாருங்கள்.

அடுத்தது, பலகையோடு வரும் பெரிய பெரிய எண்கள். எல்எம்2596 மூன்று அம்பியர் என்பது தரவுத்தாளின் உச்ச எண். வெப்பம் கடத்தும் தகடு இல்லாத சிறு பலகையில் இரண்டு அம்பியருக்கு மேல் தொடர்ந்து எடுத்தால் தொட முடியாதபடி கொதிக்கும். எம்ஜி996 வகைச் சேர்வோ ஒன்று இறுகி நின்றாலே இரண்டு அம்பியருக்கு மேல் இழுக்கும். அப்படி நாலு சேர்வோவை ஒரே பலகையில் மாட்டினால் கை தூக்கும்போது ரோபோ ஏன் அணைந்து அணைந்து எரிகிறது என்று தனியாக ஆராயத் தேவையில்லை. வோல்ற்றளவைக் கூட்டித் தரும் எக்ஸ்எல்6009 பலகையில் உள்ள "4 அம்பியர்" இன்னும் மோசம். அது ஐசிக்குள் இருக்கும் ஆளியின் உச்ச மின்னோட்டம், வெளியே கிடைக்கும் அளவு அதைவிட நன்றாகக் குறைவு. 18650 பற்றரியில் "9900 எம்ஏஎச்" என்று அச்சிட்டிருப்பது சுத்தப் பொய். நல்ல கம்பனியின் உயர்ந்த வகைகளே அந்த அளவில் பாதியைத் தொடுவதில்லை. வோல்ற்றளவு மாற்றும் இந்தப் பலகைகள் பற்றரியைக் காப்பாற்றவும் மாட்டா, அது வற்றும்வரை உறிஞ்சும். பாதுகாப்புப் பலகை இல்லாத லிதியம் பற்றரியை வாங்காதீர்கள். ஊதியிருந்தால் வீட்டுக்குள்ளேயே வைக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கையை இரண்டு தரம் சொல்லப் போகிறேன். வோல்ற்றளவு மாற்றும் மொடியூல் என்று தேடினால், குமிழ் பொருத்திய "2000 வாற்" பலகை ஒன்றும் வந்து நிற்கும். அது வீட்டு 230 வோல்ற் மின்சாரத்தில் மின்விளக்கையும் சூடேற்றியையும் கூட்டிக் குறைக்கும் சாதனம், ரோபோவுக்கு உரியதல்ல. அதன் வெளிப்பக்கம் உங்களுக்கு 12 வோல்ற் போலத் தெரிந்தாலும் பிரதான மின்சாரத்திலிருந்து பிரிக்கப்பட்டதல்ல, எங்கே தொட்டாலும் ஆளைக் கொல்லும். மறுபடியும்: குமிழ் இருக்கிறது, மலிவாக இருக்கிறது என்று அதை வாங்கிப் பிள்ளையின் மேசையில் வைக்காதீர்கள். சுவர் மின்சாரம் தேவையென்றால் மூடிய உறையுள்ள 12 வோல்ற் அடப்டர் போதும். வீட்டு ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்தி அது விழுகிறதா என்றும் பாருங்கள். அடிபட்டால் முதலில் பிரதான ஆளியை நிறுத்துங்கள், பிறகு 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.

இனி, பொய் எண்ணை நம்பி வாங்கியவர் என்ன செய்யலாம்? சட்டம் இருக்கிறது, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். அரிசி விலையையும் காலாவதித் திகதியையும் தேடும் அதிகாரிகளின் கண்களில் இந்தச் சிறு பலகைகள் படுவதில்லை. ஆகவே அவர்கள் தாமாக வருவார்கள் என்று காத்திருக்காமல் நீங்கள்தான் போக வேண்டும், கையில் தாளோடு போக வேண்டும்.

முதல் தாள் பற்றுச்சீட்டு. கேட்டால் வியாபாரி கொடுத்தே ஆகவேண்டும் என்கிறது அந்தச் சட்டம். "மொடியூல் 1" என்று எழுதித் தந்தால் திருப்பிக் கொடுத்து, ஐசியின் இலக்கம், உள்ளே எத்தனை வோல்ற், வெளியே எத்தனை அம்பியர் என்று சொன்னார்களோ அதையும் எழுதக் கேளுங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். பேஸ்புக்கில் வாங்கினால் விளம்பரத்தையும் உரையாடலையும் படம் பிடித்து, வங்கியில் பணம் போட்ட சீட்டோடு வையுங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கப் பணத்தில் வாங்கினால் பற்றுச்சீட்டு எந்தப் பெயரிலோ முறைப்பாடும் அந்தப் பெயரிலேயே போகட்டும்.

இரண்டாவது தாள் உங்கள் சோதனை. வாங்கிய கிழமையே செய்யுங்கள். 10 ஓம், 10 வாற் வெள்ளைச் சிமெந்துத் தடை ஒன்றை 5 வோல்ற்றில் பூட்டினால் அரை அம்பியர் ஓடும். நாலைச் சமாந்தரமாகப் பூட்டினால் இரண்டு அம்பியர். தடையும் சுடும், கை வைக்காதீர்கள். விற்கும்போது சொன்ன அளவுக்குள்ளேயே வோல்ற்றளவு விழுந்தால் மல்டிமீற்றரும் பலகையும் ஒரே படத்தில் தெரியப் படம் எடுங்கள். நீங்கள் மாறிப் பூட்டி எரித்ததற்குக் கடைக்காரர் பொறுப்பல்ல. அந்தச் சந்தேகத்தை நீக்குவதும் இந்தப் படம்தான்.

முதலில் கடைக்குப் போய் மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பவோ கேளுங்கள். "விற்ற பொருள் மீளப் பெறப்படமாட்டாது" என்ற அறிவிப்பைக் காட்டுவார்கள், அது உங்கள் முறைப்பாட்டைத் தடுக்காது. பிறகு கடிதம். யாழ்ப்பாணம் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில் உள்ள அதிகார சபையின் அலுவலகத்தில் நேரில் கொடுக்கலாம், அல்லது கொழும்பு 2, வொக்ஸ்ஹோல் வீதி, 27ஆம் இலக்கத்தில் உள்ள தலைமையகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். வழி கேட்க 1977. தொலைபேசியில் சொன்னதோடு நின்றுவிடாதீர்கள், எழுத்தில் கொடுங்கள், தமிழிலேயே எழுதுங்கள். வாங்கிய திகதி, கடையின் பெயர், முகவரி, கொடுத்த விலை, சொன்ன அளவு, அளந்த அளவு, நீங்கள் கேட்பது என்ன என்பது எல்லாம் ஒரு பக்கத்துக்குள் வரட்டும். பற்றுச்சீட்டின் பிரதியை மட்டும் இணையுங்கள், மூலம் உங்களிடமே இருக்கட்டும். விசாரித்து நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றவோ, பணத்தைத் திருப்பவோ உத்தரவிடும் அதிகாரம் சபைக்கு உண்டு. பழுதான பலகையை எறிய வேண்டாம், விசாரணையில் அதைக் கேட்பார்கள்.

வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு எழுத்தில் போய்ச் சேர வேண்டும். மூன்று மாதம். போட்டி முடியட்டும், பரீட்சை முடியட்டும் என்று வைத்திருந்தால் காலம் போய்விடும். சீனாவிலிருந்து பார்சலில் வந்ததென்றால் வெளிநாட்டு விற்பனையாளரைப் பிடிக்க இந்த வழி உதவாது. வாங்கிய தளத்திலேயே, அது தரும் தவணைக்குள் முறையிடுங்கள், பலகையைச் சோதிக்கும்வரை "கிடைத்தது" என்ற பொத்தானைத் தொடாதீர்கள்.