வென்டிலேட்டர் வைத்ததும் உயரத்தை ஏன் அளக்கிறார்கள்?

"வென்டிலேட்டரில் வைத்திருக்கிறோம்" என்று டாக்டர் சொன்னதுமே, ஐ.சி.யூ. வாசலில் காத்திருப்பவர்களுக்குக் கால் தளர்ந்துவிடுகிறது. "அப்போ அவ்வளவுதானா?" என்று கேட்டுவிடுகிறார்கள்.

உள்ளே நடப்பது வேறு. நோயாளிக்கு மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் டியூபைச் செலுத்தி, நழுவாமல் கட்டியாயிற்று. அடுத்து ஒரு நர்ஸ் அளவு நாடாவை எடுத்து, உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை அளக்கிறார். உடம்பு பருத்தாலும் நுரையீரல் பெருப்பதில்லை. அதன் கொள்ளளவு உயரத்தையும், ஆணா பெண்ணா என்பதையும் பொறுத்தது. 165 செ.மீ. உயரமுள்ள ஆண் தராசில் 90 கிலோ காட்டினாலும், இந்தக் கணக்கில் அவர் சுமார் 61 கிலோதான். கிலோவுக்கு 6 மில்லி வீதம், ஒரு மூச்சுக்கு ஏறக்குறைய 370 மில்லி காற்று.

அந்த 6-க்காக மருத்துவம் கொடுத்த விலை பெரிது. இயல்பான மூச்சில் மார்பு விரிந்து காற்றை உள்ளே இழுக்கிறது. வென்டிலேட்டர் காற்றை அழுத்தித் தள்ளுகிறது. கடும் நிமோனியாவில் நீர் கோத்துக்கொண்ட நுரையீரலில், காற்றுப் போகும் பகுதி ஒரு குழந்தையின் நுரையீரல் அளவுக்குச் சுருங்கிவிடலாம். பெரியவருக்கான காற்றை அதற்குள் திணித்தால், மிச்சமிருக்கும் நல்ல காற்றறைகளும் சிதையும். 2000-ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று 12 மில்லியையும் 6 மில்லியையும் ஒப்பிட்டது. 12 மில்லி பெற்றவர்களில் நூற்றுக்குச் சுமார் 40 பேர் இறந்தார்கள். 6 மில்லி பெற்றவர்களில் 31 பேர். புது மருந்து இல்லை, புது இயந்திரமும் இல்லை. காற்றைக் குறைத்தார்கள், அவ்வளவே. மருத்துவ வரலாற்றில் இதைவிட எளிமையாக உயிர் காத்த மாற்றங்கள் குறைவு என்றே நினைக்கிறேன்.

மூச்சு வெளியேறிய பிறகும் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமலிருக்க, கொஞ்சம் அழுத்தத்தை உள்ளேயே நிறுத்திவைப்பதும் உண்டு. 'பீப்' என்பது அதுதான். அதுவும் போதாத நிலையில், நோயாளியை ஒரே தடவையில் 16 மணி நேரமாவது குப்புறப் படுக்க வைப்பார்கள்.

இந்தச் சிகிச்சை மனிதக் கைகளில் வளர்ந்தது. 1952-இல் கோபன்ஹேகனில் போலியோ பரவி, மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்கள் மருத்துவமனையில் குவிந்தார்கள். கழுத்தில் துளையிட்டு டியூப் வைத்து, பையைக் கையால் அமுக்கிக் காற்றுக் கொடுக்கலாம் என்றார் மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன். சுமார் 1,500 மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலும், மாதக்கணக்கில் அந்தப் பைகளை அமுக்கினார்கள். இன்றைய ஐ.சி.யூ. பிறந்தது அங்கேதான்.

மாணவர்களின் கையானாலும் இயந்திரமானாலும், அது நோயைக் குணப்படுத்தாது. ஆன்டிபயாட்டிக் வேலை செய்யும்வரை, வீக்கம் வடியும்வரை உயிரைத் தாங்கிப் பிடிக்கும். அந்தத் தவணையும் நீளக் கூடாது. டியூப் இருக்கும்வரை தொற்று அபாயம் கூடும். உழைக்காத உதரவிதானம் சில நாட்களிலேயே மெலியும். அதனால் நிலைமை தேறிவரும் நோயாளிக்கு, காலையில் மயக்க மருந்தை நிறுத்திக் கண் திறக்கிறாரா என்று பார்க்கிறார்கள். பிறகு இயந்திரத்தின் உதவியைக் குறைத்து, அரை மணி நேரம் தானாக மூச்சுவிட விடுகிறார்கள். வாசலில் நிற்பவர்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியது இதைத்தான்: "இன்றைக்குத் தானா மூச்சுவிட வெச்சுப் பார்த்தீங்களா?"

பார்க்க அனுமதித்தால் பக்கத்தில் போய்ப் பேசுங்கள். டியூப் குரல்நாண்களுக்கு நடுவே போவதால் அவரால் பதில் பேச முடியாது. ஆனால் மயக்கம் லேசாக இருக்கும்போது காது கேட்கலாம். டியூபை எடுத்ததும் முதலில் இருமல்தான் வரும். பிறகு வரும் குரல் கம்மிப்போய், வேறு யாருடையதோ போலிருக்கும். பெரும்பாலும் சில நாட்களில் பழைய குரல் வந்துவிடும்.