கடைவாய்ப்பல்லும் கடைக்கோடி ஊரும்

மன்னார் மாவட்டம் தெற்கே முடிவுற்று வில்பத்து வனம் தொடங்குகின்ற எல்லையில், முசலிப் பிரதேசத்தின் கடைக்கோடியில் அமைந்திருக்கும் மறிச்சுக்கட்டி, இன்று ஒரு பல்லைக் கழற்றுவதற்குங்கூடப் பஸ் ஏறிப் பிரயாணம் செய்ய வேண்டிய ஊராக இருப்பினும், ஒரு காலத்தில் தேச தேசாந்தரங்களிலிருந்து ஜனங்கள் அதனைத் தேடி வந்தார்கள் என்பது சரித்திரம். பிற்காலத்தில் எழுத்தாளராகப் பெயர் பெற்ற லெனாட் வூல்ப் என்னும் ஆங்கில உத்தியோகத்தர் 1906ஆம் ஆண்டு முத்துக்குளிப்பின்போது கடமை புரிந்தது இக்கரையிலேதான். முத்துக்குளிப்பு ஓய்ந்தது, கொட்டகைகள் பிரிக்கப்பட்டன. 1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது இவ்வூராரும் புத்தளம் சென்று, ஒரு தலைமுறைக்காலம் அங்கே அகதிகளாய் வாழ்ந்து, யுத்தம் முடிந்த 2009க்குப் பின்னரே காடு மண்டிய தம் காணிகளுக்குத் திரும்பத் தொடங்கினர். பல்லைப் பற்றிய கட்டுரையில் இவற்றை எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு காலை முசலியிலும் மறு காலைப் புத்தளத்திலும் வைத்து வாழ நேர்ந்த குடும்பங்களில், ஓரிடத்தில் தொடங்கிய சிகிச்சை மற்றோரிடத்தில் அறுந்து போவதும், பிள்ளையின் கிளினிக் அட்டை ஓர் ஊரிலும் பிள்ளை வேறோர் ஊரிலுமாக இருப்பதும் சகஜம். பல் நோயைக் காட்டிலும் தாமதமே இங்கு பெரிய நோய், அத்தாமதத்தைச் சோம்பல் என்று ஏசுவது எளிது, நியாயமன்று.

தூரத்தை நம்மால் சுருக்க இயலாது. ஆனால் எந்தச் சேவை நமக்கு இலவசமாக உரியது, அதனை எப்போது கேட்க வேண்டும் என்ற அறிவு இருந்தால், பத்துத் தடவை போக வேண்டிய தூரத்தை ஒரு தடவையாகக் குறைக்கலாம்.

முதலில் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாலகனுக்கு ஆறு வயதாகும்போது, எந்தப் பாற்பல்லும் விழாமலே, பல்வரிசையின் பின்கோடியில் மேலும் கீழுமாக நான்கு பெரிய கடைவாய்ப்பற்கள் முளைக்கின்றன. முன்பல் ஆடுவதையும் விழுவதையும் வீடே கொண்டாடிக் கொண்டிருக்க, இந்த நான்கும் சந்தடியின்றி வந்து சேர்கின்றன. அவையும் விழுந்து முளைக்கும் பாற்பற்களே என்று எண்ணி, கறுத்துக் குழி விழுந்த பின்னும் பெற்றோர் கவலையற்று இருந்து விடுகின்றனர். அவையோ ஆயுட்காலம் முழுதும் இருக்க வேண்டிய நிரந்தரப் பற்கள். அவற்றை இழந்தால் மறுபடி முளைப்பதில்லை. அவற்றின் மேற்பரப்பில் உள்ள ஆழ்ந்த வெடிப்புகளை முளைத்த சில காலத்துக்குள்ளேயே ஒருவகைப் பூச்சினால் மூடிவிட்டால் சொத்தை பெரும்பாலும் அண்டாது. பாற்பல்லையுங்கூட விழப்போவதுதானே என்று அலட்சியம் செய்வது சரியன்று. உரிய காலத்துக்கு முன் அது போய்விட்டால், பக்கத்துப் பற்கள் சரிந்து இடத்தை அடைத்துக்கொள்ள, பின்னால் வரும் பல் கோணலாக வரக்கூடும்.

இதற்கென்றே இந்நாட்டில் ஓர் ஏற்பாடு நெடுங்காலமாக உண்டு. பள்ளிப் பிள்ளைகளின் பற்களைப் பேணுவதற்குத் தாதியரைத் தனியே பயிற்றும் முறையை 1921இல் நியூசிலாந்து தொடங்கியது. அம்முறையைத் தழுவி 1950களில் இலங்கையும் மகரகமவில் பயிற்சி நிலையம் அமைத்து, பாடசாலைப் பற்சிகிச்சையாளர்களை நாடெங்கும் அனுப்பலாயிற்று. மூன்று வயது முதல் பதின்மூன்று வயது வரையான பிள்ளைகளின் பற்களைப் பார்ப்பதும், அடைப்பதும், வேண்டின் கழற்றுவதும் அவர்களுடைய கடமை. இதற்குக் கட்டணம் கிடையாது. பாடசாலை மருத்துவப் பரிசோதனையின்போதும் வாயைப் பார்க்க வேண்டும். பல் குறைபாடு என்று குறித்து ஒரு துண்டு வீட்டுக்கு வந்தால், அதனைப் புத்தகப் பையின் அடியில் மடங்கிக் கிடக்க விடாமல், அந்த வாரத்திலேயே கிளினிக்குக்குக் கொண்டு செல்ல வேண்டும். அன்று அடைத்தால் அரை மணி நேரத்து வேலை, ஆறு மாதம் கழிந்தால் பல்லே போய்விடக்கூடும்.

கர்ப்பிணிகளுக்கும் இந்த உரிமை உண்டு. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது பல்லில் கைவைக்கலாகாது என்ற அபிப்பிராயம் நம் தாய்மாரிடையே உறுதியாக ஊன்றியுள்ளது. உண்மையில், நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரையான காலம் பற்சிகிச்சைக்கு ஏற்றது. மாதாந்தக் கிளினிக்குக்கு வரும் மருத்துவமாதிடம் பல் வைத்தியருக்கான சீட்டைக் கேட்டு வாங்குவது, அதே பிரயாணத்திலேயே அலுவலை முடிக்க உதவும்.

பல் தீட்டுவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. காலையிலும் படுக்கப்போகும் முன்னும், புளோரைட்டு சேர்ந்த பற்பசையால்; மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஓர் அரிசியளவு, அதற்கு மேல் ஆறு வயது வரை ஒரு பட்டாணியளவு; தீட்டிய பின் துப்பினாற் போதும், வாய் நிறைய நீரெடுத்துக் கொப்பளித்து மருந்தையும் சேர்த்துக் கழுவிவிட வேண்டாம். இக்கரையோரத்து வறள் மண்ணில் தானாகவே வளரும் உகாய் மரத்தின் குச்சியே மிஸ்வாக் என்பது பலருக்குத் தெரிந்ததே. தொழுகைக்கு முன் பல் துலக்கும் நபிவழிக்குரிய அக்குச்சியின் உபயோகத்தை உலக சுகாதார ஸ்தாபனமும் 1986இல் ஆதரித்தது. நாரை அடிக்கடி வெட்டிப் புதுப்பித்து, ஈறைக் கீறாமல் மெல்ல உபயோகிப்பவருக்கு அது நல்ல சாதனம். ஆயினும் இரவில் பற்பசையும் சேர்வது மேல்.

சீனியின் விஷயத்தில் அளவைவிடத் தடவையே முக்கியம். வாயிலுள்ள கிருமிகள் சீனியை உண்டு அமிலத்தை உண்டாக்க, அது பல்லின் மேலோட்டைக் கரைக்கத் தொடங்குகிறது. உமிழ்நீர் அதனைச் சமன்செய்ய அரை மணி நேரம் போல் ஆகும். ஆதலால் சாப்பாட்டோடு ஒருமுறை இனிப்புண்பவனைக் காட்டிலும், உள்ளங்கைச் சீனியை நக்கி நக்கி நாள் முழுதும் பிளேன்ரீ குடிப்பவனுக்கே கேடு அதிகம். இரவில் இனிப்புச் சேர்த்த பால்மாப் போத்தலை வாயில் வைத்தபடியே உறங்கும் குழந்தையின் முன்பற்கள் இரண்டு வயதுக்குள் கரைந்துபோவதும் இதனாலேயே.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலர் வலயத்தின் நிலத்தடி நீரில் சில இடங்களில் புளோரைட்டு மிகுதி. பல் உருவாகும் பருவத்தில் அந்நீரைக் குடித்த பிள்ளைகளுக்குப் பல்லில் வெண் திட்டும் பழுப்புக் கறையும் நிலைத்துவிடும். கொதிக்க வைப்பதால் அது நீங்காது. நீர் வற்றுவதால் செறிவு கூடவே செய்யும். இலங்கைத் தரக்கட்டளை குடிநீருக்கு விதித்த உச்ச வரம்பு லீற்றருக்கு 1 மில்லிகிராம். கிணற்றுக்குக் கிணறு இது வேறுபடுமாதலால், ஊகிப்பதை விடுத்து நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை வழியே பரிசோதிப்பிப்பதே முறை. ஆர்.ஓ. இயந்திர நீரில் புளோரைட்டு பெரும்பாலும் நீங்கிவிடுவதால், அதனையே குடிக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பற்பசை இன்னும் அவசியமாகின்றது.

இனி, இக்கட்டுரையில் மிக அவசியமான பகுதி. இலங்கை ஆண்களிடையே அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயே. அதற்கு முதன்மையான காரணம் வெற்றிலை மெல்லுதல். இரவெல்லாம் கடலில் கண் விழித்திருக்கும் தொழிலாளி உறக்கத்தைத் தடுக்க மெல்கிறார். வீட்டில் பெரியம்மாக்கள் பேச்சுத் துணைக்கு மெல்கிறார்கள். போயிலையை விட்டுவிட்டேன், பாக்கும் சுண்ணாம்பும் மட்டுந்தான் என்று ஆறுதல் கொள்வோர் பலர். 2003ஆம் ஆண்டில் கூடிய சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகத்தின் நிபுணர் குழு, புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும், பாக்குத் தானும், மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பவை என்றே முடிவு செய்தது. பாக்கினாலேயே உட்கன்னம் நார்போல் இறுகி, வாய் திறக்கும் அளவு நாளடைவில் சுருங்குகிறது; இறுகியதைப் பழைய நிலைக்குத் திருப்பும் மருந்து இல்லை. மூன்று வாரம் ஆறாத புண், துடைத்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரம் பட்டால் எரிச்சல், ஒரு கட்டி, வாயைத் திறக்கச் சிரமம் ஆகிய இவற்றுள் ஒன்று கண்டாலும் நோவு இல்லையே என்று இருந்துவிடக் கூடாது. ஆரம்பத்தில் இந்நோய்க்கு நோவு இல்லாமையே அதன் வஞ்சகம். சிலாவத்துறையிலோ மன்னாரிலோ அரசாங்கப் பல் வைத்தியரிடம் வாயைக் காட்டினால், தேவைப்படின் வாய்முகத் தாடைச் சத்திரசிகிச்சைப் பிரிவுக்கு அனுப்புவார். தெல்லிப்பழையிலும் மகரகமவிலும் புற்றுநோய்ச் சிகிச்சை அரசாங்கச் செலவிலேயே நடைபெறுகின்றது.

பாபுல், மாவா என்று கடைகளில் தொங்கும் பொட்டலங்களின் விஷயமும் பலருக்குத் தெரிவதில்லை. மெல்லுவதற்கென்று புகையிலை கலந்து செய்த கலவைகளை உற்பத்தி செய்வதும் இறக்குமதி செய்வதும் விற்பதும் 2016 செப்டெம்பர் முதல் தடை செய்யப்பட்டுள்ளன. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி, இருபத்தொரு வயதுக்குட்பட்டவருக்குப் புகையிலைப் பொருள் எதனையும் விற்பது குற்றம். பள்ளிக்கூட வாசலில் இவை விற்கக் காணும் தகப்பன், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ பொலிஸிலோ முறையிட உரிமையுள்ளவன்.

பல்வலிக்குப் பாமசியில் தாமாகவே அமொக்சிசிலின் வாங்கி இரண்டு நாள் விழுங்குவது ஊர்ப்பழக்கமாகிவிட்டது. வைத்தியரின் சீட்டின்றி விற்கலாகாத மருந்து அது. தவிர, பல்லின் வேரில் கிடக்கும் சீழை அது வெளியேற்றுவதில்லை, சில நாள் அடக்கி வைக்கிறது. கராம்பும் உப்புநீரும் இரவைக் கழிக்க உதவும். ஆனால் தாடையின் கீழோ கழுத்திலோ வீக்கம் இறங்கி, காய்ச்சலுடன் விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் கண்டால், அது பல்வலி என்ற நிலையைக் கடந்த உயிராபத்து. விடியும்வரை காத்திராமல் 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய இலவச அம்புலன்ஸை அழைக்க வேண்டும். இவ்வூராருக்கு அவ்விலக்கம் வேறொன்றையும் நினைவூட்டும். ஆயினும் மனப்பாடமாக இருப்பது நன்று.

மலிவாகக் கட்டுப்பல் செய்து தருகிறோம், கம்பி போடுகிறோம் என்று சொல்வோரிடம் ஏமாறாதிருக்க ஒரே வழி, அவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றவரா என்று கேட்பது. கேட்பது மரியாதைக் குறைவன்று. செய்யப்போவது என்ன, வேறு வழி உண்டா, மொத்தச் செலவு எவ்வளவு என்பவற்றைத் தமிழில் விளக்கக் கோருவதும், பற்றுச்சீட்டும் எக்ஸ்ரே பிரதியும் வாங்கி வைப்பதும் நோயாளியின் உரிமை. தீங்கு நேர்ந்தால், வைத்தியரின் நடத்தை குறித்து மருத்துவ சபைக்கும், தனியார் நிலையம் குறித்துத் தனியார் சுகாதாரச் சேவைகள் ஒழுங்குபடுத்தல் சபைக்கும், அரசாங்க வைத்தியசாலை குறித்து மன்னார் பிராந்தியச் சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும் எழுதலாம். நட்டஈட்டு வழக்கென்றால், பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுத்தாக வேண்டும். வசதியற்றவர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

சேவையே வராத இடத்தில் யார்மீது முறையிடுவது என்று கேட்கலாம். அதற்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பயன்படும். எங்கள் பாடசாலைக்குப் பற்சிகிச்சைக் குழு கடைசியாக வந்த திகதி யாது, பார்த்த பிள்ளைகள் எத்தனை பேர், மேல் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர் எத்தனை பேர், அடுத்து வரும் திகதி யாது என்று நான்கு கேள்விகளைப் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரிக்கு எழுதினாற் போதும். ஏன் கேட்கிறீர் என்று அவர் வினவ இயலாது. பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிடில் மேன்முறையீடும், அதற்கப்பால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவும் உண்டு. பெற்றோர் சங்கக் கூட்டத்தில் ஒரு கடுதாசி எழுதி, தலைவரும் செயலாளரும் ஒப்பமிட்டு, ஒரு பிரதியைத் தம்மிடம் வைத்துக்கொண்டு மறுநாளே அனுப்பிவிடலாம்.