வறண்ட நிலத்துச் சோறு – 9: கொட்டை இருக்கு, ஏற ஆளில்லை

சென்ற வாரம் அரிசோனாவின் ஹோப்பி விவசாயிகளைப் பார்த்தோம். ஆண்டுக்குச் சுமார் 250 மில்லிமீட்டர் மழையை மட்டும் நம்பி, கம்பால் குழி தோண்டி, ஈரம் நிற்கும் ஆழத்தில் மக்காச்சோளத்தை ஊன்றுகிறவர்கள். அந்த வேலையைத் தானே செய்துகொள்ளும் விதை ஒன்று குமரி மாவட்டத்தில் உண்டு: பனங்கொட்டை. மண்மேல் சும்மா போட்டால் போதும். முளை நேரே கீழே இறங்கி, கருவை ஆழத்தில் கொண்டுபோய் வைத்த பிறகுதான் குருத்து மேலே எழும். அப்படி இறங்கித் திரண்டதைத்தான் பனங்கிழங்கு என்று பொங்கலுக்குப் பிடுங்கி அவிக்கிறோம்.

நாஞ்சில் நாடு என்றால் எல்லோருக்கும் வயலும் குளமும்தான் நினைவுக்கு வரும். 1906-ல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணை அந்தப் பெயரை இன்னும் உறுதியாக்கியது. ஆனால் வாய்க்கால் தண்ணீர் ஏறாத மேட்டு நிலங்களும் கடலோரச் செம்மணல் தேரிகளும் இதே மாவட்டத்தில்தான் இருக்கின்றன. அங்கெல்லாம் வயிற்றை நிரப்பியவை பனையும் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கும். மரச்சீனியை அடுத்த வாரம் வைத்துக்கொள்வோம்.

அக்கானி, அதாவது பதநீர், மரம் தானாகத் தருவதல்ல. காலையும் மாலையும் ஏறி, பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவிவிட வேண்டும். விட்டால் வெட்டுவாய் காய்ந்து ஊற்று நின்றுபோகும். ஞாயிறு, திருவிழா, காய்ச்சல் எதற்கும் பனை லீவு தராது. கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் மதியத்துக்குள் புளித்துக் கள்ளாகிவிடும். கள் இறக்குவதற்கோ தமிழ்நாட்டில் 1987-லிருந்து தடை.

இறக்கியதோடு ஆணின் வேலை ஓயும். பெண்ணின் வேலை அப்போதுதான் தொடங்கும். விடிலி என்கிற ஓலைக்குடிலில், வடித்த அக்கானியைப் பெரிய பாத்திரத்தில் ஊற்றி, காய்ந்த ஓலையும் மட்டையும் வைத்து மணிக்கணக்கில் எரிக்க வேண்டும். பொங்கி வழியப் பார்த்தால் ஆமணக்கு விதையை நசுக்கிப் போடுவாள், நுரை அடங்கிவிடும். ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பதம் பார்ப்பாள். முந்தி இறக்கினால் கருப்பட்டி இளகும், பிந்தினால் கருகும். பிறகு சிரட்டைகளில் ஊற்றி ஆறவிட வேண்டும். இத்தனைக்கும் 10 லிட்டர் அக்கானிக்குக் கிடைப்பது ஒரு கிலோ, மிஞ்சினால் ஒன்றரை. அதற்குச் சீனி விலை கேட்கிறவர்களை என்ன சொல்ல!

விலை கட்டுப்படியாகாதபோது சீனி கலந்த கருப்பட்டி சந்தைக்கு வருகிறது. அது வந்தபின், கலக்காமல் காய்ச்சுகிறவரின் பாடு இன்னும் மோசம்.

திருவிதாங்கூர் ஆட்சியில் பனையேறியின் ஏணிக்கும், ஏறும்போது காலில் மாட்டும் தளைநாருக்கும்கூட வரி இருந்தது. வரி போனது, ஏளனம் போகவில்லை. நெஞ்சில் காய்ப்பு, தவறினால் சாவு, ஊரில் மரியாதையும் இல்லை. அந்த வீட்டுப் பிள்ளை படித்து வேறு வேலைக்குப் போனான் என்றால் அது நியாயம்தான். பாரம்பரியம் போச்சே என்று அங்கலாய்க்கிற நம்மில் யாரும் மரம் ஏறப் போவதில்லை.

2021-22 வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் பனை விதைகள் நட அரசு திட்டம் அறிவித்தது. ஆட்சியர் அனுமதியின்றிப் பனையை வெட்டக் கூடாது என்றும் சொன்னது. நல்ல காரியங்கள்தான். குளக்கரைகளில் கொட்டை ஊன்றி ஃபோட்டோ எடுத்துக்கொள்ளும் இளைஞர்களையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் இன்று ஊன்றியது பாளை விடப் பதினைந்து வருஷம் போல ஆகும். அன்றைக்கு ஏறுவது யார்? ஹோப்பிகளிடம் சோள விதையோடு அதை ஊன்றும் கையும் அரைத்துச் சுடும் கையும் சேர்ந்தே தலைமுறை கடக்கின்றன. நாமோ கொட்டையை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

1920-களில் ஸ்பென்சர் ஹேட்ச் இதே குமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்தியபோது, தேனீ வளர்ப்போடு சுத்தமான கருப்பட்டி காய்ச்சுவதையும் கற்றுக்கொடுத்தார்கள். மார்த்தாண்டம் தேன் இன்று ஊர் ஊராகப் போகிறது. தேன் எடுப்பவரை யாரும் இளக்காரமாகப் பார்க்கவில்லை, 60 அடி உயரத்தில் அவர் தொங்கவும் வேண்டியதில்லை. பனையேறிக்கு நல்ல காப்பீடு, சீசன் தொடங்கும் முன்பே உறுதி செய்த விலை, விடிலிக்காரிக்குத் தனிக் கூலி: இந்த மூன்றையும் ஒரு பஞ்சாயத்தாவது செய்து பார்க்கட்டும். விதை நடும் விழாவுக்கு ஆகும் பந்தல் செலவிலிருந்தே தொடங்கலாம்.

(தொடரும்)