டிரைவர் சீட், கடைக்கு நியாயமான விலை, ஒரு ஹாம்: கறுப்பின ஆண்களின் கதையை ஆகஸ்ட் வில்சன் எப்படிச் சொன்னார்?

ஒரு கறிக்கடைக்காரர். தன் வேலிக்கு பெயிண்ட் அடிக்க ஒருவரைக் கூப்பிடுகிறார். வேலையை முடித்தால் ஒரு கோழி, வேலை நன்றாக இருந்தால் ஒரு முழு ஹாம், அதாவது பதப்படுத்திய பன்றித் தொடை இறைச்சி. இதுதான் பேச்சு. வேலை முடிகிறது. நன்றாகவே செய்திருக்கிறேன் என்கிறார் பெயிண்ட் அடித்தவர். கோழியை எடுத்துக்கோ என்கிறார் கடைக்காரர். அவர் எடுக்கவில்லை. அன்றிலிருந்து ஒன்பதரை ஆண்டுகளாகத் தினமும் காலையில் அந்தக் கடை வாசலில் நின்று, தனக்குச் சேர வேண்டிய ஹாமைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். கடைசியில் அவர் வாயிலிருந்து வேறு வார்த்தையே வராமல் போகிறது.

இவர் பெயர் ஹாம்போன். அமெரிக்க நாடக ஆசிரியர் ஆகஸ்ட் வில்சன் எழுதிய 'டூ ட்ரெயின்ஸ் ரன்னிங்' நாடகத்தில் வரும் பாத்திரம். கதை நடப்பது 1969-ல், பிட்ஸ்பர்க் நகரின் ஹில் டிஸ்ட்ரிக்ட் பகுதியில்.

ஏழைகள் வாழும் கறுப்பினப் பகுதி என்றால் துப்பாக்கி, போதைப்பொருள், போலீஸ் சைரன் என்றுதான் நிறைய படங்களில் பார்த்திருப்போம். வில்சனின் கதைகளிலும் கொலை உண்டு, ஜெயில் உண்டு. ஆனால், அந்த ஆண்கள் உண்மையில் என்ன கேட்டார்கள் என்பதில் இருந்துதான் அவர் கதையைத் தொடங்குகிறார். பெரும்பாலும் அது மிகச் சின்ன விஷயமாக இருக்கும்.

யார் இந்த ஆகஸ்ட் வில்சன்?

1945-ல் ஹில் டிஸ்ட்ரிக்டில் பிறந்தவர். அம்மா டெய்சி வில்சன், வீட்டு வேலை செய்து ஆறு பிள்ளைகளை வளர்த்த கறுப்பினப் பெண். அப்பா ஜெர்மன் மொழி பேசும் குடியேறி, பேக்கரி தொழிலாளி. வீட்டில் அவர் இருந்த நாட்கள் குறைவு.

15 வயதில் நெப்போலியன் பற்றி 20 பக்கக் கட்டுரை எழுதிக் கொடுத்தார் வில்சன். இதை நீயே எழுதியிருக்க முடியாது என்று ஆசிரியர் சந்தேகப்பட்டார். அத்தோடு பள்ளியை விட்டவர், கார்னகி நூலகத்தில் உட்கார்ந்து தானாகவே படித்தார். பின்னாளில் அதே நூலகம் அவருக்கு டிப்ளமா கொடுத்து கௌரவித்தது. மற்ற பாடங்களை ஹில் பகுதியின் சுருட்டுக் கடையிலும் டீக்கடை மாதிரியான சின்ன உணவகங்களிலும் வயதானவர்கள் பேசுவதைக் கேட்டே கற்றுக்கொண்டார்.

அவர் எழுதிய 10 நாடகங்கள் சேர்ந்து 'அமெரிக்கன் செஞ்சுரி சைக்கிள்' என்று அழைக்கப்படுகின்றன. 20-ம் நூற்றாண்டின் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒரு நாடகம். 'மா ரெய்னிஸ் பிளாக் பாட்டம்' மட்டும் சிகாகோவில் நடக்கும். மற்ற ஒன்பதும் ஹில் டிஸ்ட்ரிக்டில்தான். இதில் 'ஃபென்சஸ்' 1987-லும் 'தி பியானோ லெசன்' 1990-லும் புலிட்சர் பரிசு வென்றன.

ஹாம்போன் கதைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய ஒரு சம்பவத்தை வில்சன் தன் அம்மா பற்றிச் சொல்லியிருக்கிறார். ரேடியோ போட்டி ஒன்றில் டெய்சி சரியான பதில் சொன்னார். பரிசு, புது வாஷிங் மெஷின். ஜெயித்தவர் கறுப்பினப் பெண் என்று தெரிந்ததும், பழைய மெஷின் ஒன்றை வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். டெய்சி மறுத்துவிட்டார். ஆறு பிள்ளைகளின் துணியைக் கையால் துவைத்துக்கொண்டிருந்தவருக்கு அது எவ்வளவு பெரிய செலவு என்று யோசித்துப் பாருங்கள்.

ஹில் டிஸ்ட்ரிக்டுக்கு என்ன ஆனது?

தெற்கு மாநிலங்களின் இனவெறியிலிருந்து தப்பி, 1910-க்கும் 1970-க்கும் இடையில் சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் வடக்கு, மேற்கு நகரங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். அவர்களில் பலரை பிட்ஸ்பர்க்கின் எஃகு ஆலைகள் இழுத்தன. வீடு என்று வந்தபோது எல்லாப் பகுதியும் அவர்களுக்குத் திறக்கவில்லை. ஹில் டிஸ்ட்ரிக்ட் திறந்தது.

அது வெறும் ஏழைகளின் பகுதியாக இருக்கவில்லை. ஜாஸ் இசைக்குப் பேர்போன கிராஃபோர்ட் கிரில் அங்கே இருந்தது. நாடு முழுக்க கறுப்பின வாசகர்கள் படித்த 'பிட்ஸ்பர்க் கூரியர்' பத்திரிகை அங்கே வளர்ந்தது. கடைகள், தேவாலயங்கள், சலூன்கள் என்று வைலி அவென்யூ எப்போதும் பரபரப்பாக இருக்கும்.

ஆனால், 1930-களில் அமெரிக்க அரசு அமைப்பு ஒன்று நகரங்களுக்கு வரைபடம் போட்டபோது, கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளைக் கடன் கொடுக்க ஆபத்தானவை என்று சிவப்பில் குறித்தது. சிவப்பு விழுந்த பகுதியில் வீடு வாங்கவோ, பழுது பார்க்கவோ வங்கிக் கடன் கிடைப்பது கஷ்டம். பராமரிப்பு இல்லாமல் வீடுகள் சிதைந்தன. பிறகு, வீடுகள் சிதைந்திருக்கின்றன என்பதே இடிப்பதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது.

1956-ல் லோயர் ஹில் பகுதியில் இடிப்பு ஆரம்பித்தது. சுமார் 95 ஏக்கர். சுமார் 8,000 பேர் வீடிழந்தார்கள். 400-க்கும் மேற்பட்ட கடைகளும் தொழில்களும் போயின. அந்த இடத்தில் 1961-ல் திறந்து மூடும் கூரையுடன் சிவிக் அரினா என்ற பிரமாண்ட அரங்கம் வந்தது. இதோடு 1980-களில் எஃகுத் தொழிலும் சரிந்தது. 1986-ல் புகழ்பெற்ற ஹோம்ஸ்டெட் ஆலையே மூடப்பட்டது.

இந்த வரலாற்றை வில்சன் பாடம் மாதிரி சொல்வதில்லை. அவர் நாடகங்களில் வெள்ளையர் பாத்திரங்கள் மிகக் குறைவு. நகராட்சி அதிகாரியோ வங்கிக்காரரோ மேடைக்கு வருவதே அபூர்வம். அவர்கள் எடுத்த முடிவுகள் மட்டும் வந்து சேரும், கட்டடத்தைக் காலி செய்ய வேண்டும் என்ற தகவலாக.

என்னதான் கேட்கிறார்கள் இந்த ஆண்கள்?

'டூ ட்ரெயின்ஸ் ரன்னிங்'கில் ஹாம்போன் வந்து உட்காரும் சாப்பாட்டுக் கடையின் முதலாளி மெம்ஃபிஸ் லீ. நகராட்சி அவர் கடையை இடிக்கப் போகிறது. அவர் கேட்பது 25,000 டாலர். அதற்கு ஒரு பைசா குறைந்தாலும் கொடுக்க மாட்டேன் என்று நிற்கிறார்.

'ஜிட்னி' நாடகம் 1977-ல் நடக்கிறது. முறையான டாக்ஸிகள் ஹில் பகுதிக்கு வர மறுத்ததால், லைசன்ஸ் இல்லாமல் சொந்தக் கார்களை டாக்ஸியாக ஓட்டிய ஆண்களின் கதை இது. அவர்களுக்கு இருந்தது ஒரு அறை, ஒரு போன். அந்தக் கட்டடத்தையும் நகராட்சி மூடப் போகிறது. டிரைவர்களில் ஒருவன் வியட்நாம் போரிலிருந்து திரும்பிய இளைஞன். ராத்திரி பகலாக ஓட்டி ரகசியமாகப் பணம் சேர்க்கிறான். காதலியோ அவன் வேறு பெண்ணோடு சுற்றுகிறான் என்று நினைக்கிறாள். அவன் சேர்த்தது ஒரு வீடு வாங்க.

1985-ல் நடக்கும் 'கிங் ஹெட்லி II' நாடகத்தின் நாயகன் ஜெயிலிலிருந்து வந்தவன். அவனுடைய கனவு ஒரு வீடியோ கடை. அதற்குப் பணம் சேர்க்க அவன் விற்பது திருட்டு ஃபிரிட்ஜ்கள்.

ஹாம், கடைக்கு விலை, வீடு, வீடியோ கடை. இவற்றில் எது பேராசை? சாதாரண மனிதன் கேட்கும் சாதாரண விஷயங்கள்தான். நேரான வழியில் அதைப் பெற ஒருவருக்கு எவ்வளவு காலம் ஆகிறது, அந்தக் காத்திருப்பு அவரை என்ன செய்கிறது என்பதில்தான் வில்சனின் கவனம்.

ஏன் இத்தனை பேர் ஜெயிலுக்குப் போய் வந்தவர்கள்?

நாடகங்களை வரிசையாக வைத்தால் ஒன்று கண்ணில் படும். 1911-ல் நடக்கும் கதையில் ஹெரால்ட் லூமிஸ் ஒரு குற்றமும் செய்யாமல் பிடிக்கப்பட்டு, ஏழு ஆண்டுகள் சங்கிலியில் கட்டாய வேலை செய்தவர். 1948-ல் நடக்கும் 'செவன் கிட்டார்ஸ்' கதையின் இசைக் கலைஞன் ஃபிளாய்ட், அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வரும் வழியில் கைதாகிறான். வேலை வெட்டி இல்லாமல் திரிந்தான் என்று 90 நாள் ஜெயில்.

அதேசமயம், எல்லோரும் அப்பாவிகள் என்று வில்சன் மழுப்புவதில்லை. 'ஃபென்சஸ்' கதையின் ட்ராய் மேக்ஸன் திருடப் போன இடத்தில் ஒருவரைக் கொன்று 15 ஆண்டுகள் உள்ளே இருந்தவர். 'ஜிட்னி'யில் வரும் பூஸ்டர், தன் மீது பொய்யாகப் பாலியல் வன்முறைப் புகார் கொடுத்த காதலியைச் சுட்டுக் கொன்று 20 ஆண்டுகள் சிறையில் கழித்தவன். வாசகருக்கு இங்கே சங்கடமாகத்தான் இருக்கும். இருக்க வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறார்.

அப்பா, பிள்ளை, நடுவில் ஒரு வேலி

இவருடைய நாடகங்களில் அதிகம் பேரைச் சென்றடைந்தது 'ஃபென்சஸ்'. கதை தொடங்குவது 1957-ல். ட்ராய்க்கு வயது 53. குப்பை லாரியின் பின்னால் நின்று தொட்டிகளைத் தூக்கிக் கொட்டும் வேலை. கறுப்பினத்தவர் தூக்குகிறார்கள், வெள்ளையர் மட்டுமே லாரி ஓட்டுகிறார்கள். ஏன் என்று மேலதிகாரியிடம் கேட்கிறார். அதற்காக வேலையே போய்விடுமோ என்று பயம். கடைசியில் அவருக்கே டிரைவர் சீட் கிடைக்கிறது.

ஒரு காலத்தில் அவர் பிரமாதமான பேஸ்பால் வீரர். கறுப்பின வீரர்களுக்கென்று தனியாக இருந்த லீகில் ஆடியவர். ஜாக்கி ராபின்சன் 1947-ல் முக்கிய லீகுக்குள் நுழைந்து நிறத்தடையை உடைத்தபோது, ட்ராய் நாற்பதைத் தாண்டியிருந்தார். இது வெறும் கற்பனை இல்லை. பிட்ஸ்பர்க் அணிகளுக்காக ஆடிய ஜோஷ் கிப்சன் என்ற நிஜ ஜாம்பவான், ராபின்சன் களமிறங்குவதற்கு மூன்று மாதம் முன்பு, 35 வயதில் இறந்துபோனார்.

இப்போது ட்ராயின் மகன் கோரிக்கு ஃபுட்பால் மூலம் கல்லூரியில் இடம் கிடைக்கும் வாய்ப்பு வருகிறது. ட்ராய் தடுத்துவிடுகிறார். வெள்ளையர்கள் உன்னை மேலே வரவிட மாட்டார்கள், கைத்தொழில் கற்றுக்கொள் என்பது அவர் வாதம். பிள்ளையைக் காப்பாற்றுகிறாரா, பிள்ளை தன்னைத் தாண்டிவிடுவான் என்று பயப்படுகிறாரா? இரண்டும் இருக்கிறது. அவருக்கு நடந்தது அநியாயம். அவர் மகனுக்குச் செய்வதும் அநியாயம். முதலாவதைக் காட்டி இரண்டாவதை வில்சன் மன்னித்துவிடுவதில்லை. மனைவி ரோஸுக்கு ட்ராய் செய்யும் துரோகத்தையும் அப்படித்தான்.

'ஜிட்னி'யிலும் அப்பா-மகன்தான். டாக்ஸி நிலையத்தை நடத்தும் பெக்கரின் மகன்தான் பூஸ்டர். சின்ன வயதில், வாடகை பாக்கிக்காக வீட்டு ஓனர் அப்பாவைக் கண்டபடி திட்டியதையும், அப்பா வாயே திறக்காமல் நின்றதையும் அவன் பார்த்திருக்கிறான். அன்றைக்கு அவன் கண்ணில் அப்பா சிறுத்துப்போனார். பெக்கரின் பக்கம் வேறு. குடும்பத்தின் தலைக்கு மேல் கூரை வேண்டுமே என்றுதான் வாயை மூடிக்கொண்டார். 20 வருடம் கழித்து இருவரும் நேருக்கு நேர் நிற்கும்போது, இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகவே படும்.

விமர்சனம் இல்லையா?

இருக்கிறது. இவருடைய மேடையில் ஆண்களே பேசுகிறார்கள், பெண்கள் அவர்களைத் தாங்கிப் பிடிக்கவே வருகிறார்கள் என்பது நீண்டகாலக் குற்றச்சாட்டு. 'ஜிட்னி'யில் ஒன்பது பாத்திரங்களில் ஒரே ஒருவர்தான் பெண். ஆனால், ரோஸ் மாதிரி ஒரு பாத்திரம் கிடைக்கும்போது மொத்தக் கதையும் அவர் பக்கம் சாய்ந்துவிடுகிறது. 'ஃபென்சஸ்' படத்தில் ரோஸாக நடித்த வயோலா டேவிஸ் அதற்காகவே ஆஸ்கர் வாங்கினார்.

எங்கிருந்து தொடங்கலாம்?

படமாகப் பார்க்க விரும்பினால் மூன்று இருக்கின்றன. டென்சல் வாஷிங்டன் நடித்து இயக்கிய 'ஃபென்சஸ்' 2016-ல் வந்தது. கறுப்பின இயக்குநர்தான் இதைப் படமாக்க வேண்டும் என்று வில்சன் பிடிவாதமாக நின்றதால், படம் வரப் பல ஆண்டுகள் ஆனது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 2005-ல் 60 வயதில் கல்லீரல் புற்றுநோயால் காலமானார். 2020-ல் வந்த 'மா ரெய்னிஸ் பிளாக் பாட்டம்', சாட்விக் போஸ்மேனின் கடைசிப் படம். 2024-ல் வந்த 'தி பியானோ லெசன்' படத்தை இயக்கியவர் டென்சலின் மகன் மால்கம் வாஷிங்டன்.

படிக்க விரும்பினால் 'ஜிட்னி'யை முதலில் எடுக்கலாம். சின்ன நாடகம், ஒரே அறை, கடைசிக் காட்சியில் அடிக்கும் அந்த போன் மனதில் நிற்கும்.

இன்று ஹில் டிஸ்ட்ரிக்ட் எப்படி இருக்கிறது?

8,000 பேரை வெளியேற்றிக் கட்டிய சிவிக் அரினா 50 வருடம்தான் நின்றது. அதன் இடிப்பு 2012-ல் முடிந்தது. அதன் பிறகு பல ஆண்டுகள் அந்த நிலத்தின் பெரும்பகுதி கார் பார்க்கிங்காகவே கிடந்தது. ஹில் மக்களின் நீண்டநாள் கோரிக்கைக்குப் பிறகு 2013-ல் ஒரு சூப்பர் மார்க்கெட் திறந்தது. 2019-ல் அதுவும் மூடப்பட்டது.

1997-ல் நடக்கும் 'ரேடியோ கால்ஃப்', வில்சனின் கடைசி நாடகம். மேயராகத் துடிக்கும் ஒரு கறுப்பின ரியல் எஸ்டேட்காரர், ஹில் பகுதியில் பெரிய பிராண்டுகளைக் கொண்டுவர ஒரு பழைய வீட்டை இடிக்கத் திட்டமிடுகிறார். அந்த வீட்டின் கதை தெரிய வந்தபின், இடிப்பதா வேண்டாமா என்று அவரே தடுமாறுகிறார். நிஜத்தில், பெட்ஃபோர்ட் அவென்யூவில் வில்சன் சிறுவயதில் வாழ்ந்த வீடும் பல ஆண்டுகள் பாழடைந்து கிடந்தது. அதைப் புதுப்பித்து 2022-ல் கலை மையமாகத் திறந்திருக்கிறார்கள்.