டைமர் மீளழைப்பை நீக்குதல்: லினக்ஸ் சாதனச் செலுத்திகளை முன்வைத்து ஒரு விளக்கம்

ஒரு செயலைத் தொடங்குவதிலும் நிறுத்துவது எளிது எனும் எண்ணம் பொதுவாக நிலவுகின்றது. பணிசெயல் முறைமையின் உள்ளகமாகிய கேர்னலில் இவ்வெண்ணம் செல்லுபடியாவதில்லை.

சாதனமொன்றின் நிலையைக் குறித்த இடைவெளிகளில் அறிய விரும்பும் செலுத்தி, டைமர் ஒன்றை அமைத்து, நேரம் வந்ததும் அழைக்கப்பட வேண்டிய செயற்கூற்றை அதனிடம் ஒப்படைக்கின்றது. இதுவே மீளழைப்பு. லினக்ஸின் சாதாரண டைமர் ஒருமுறைக்கு மட்டும் உரியது. மீளழைப்பு தன் முடிவில் டைமரை மீண்டும் அமைப்பதனாலேயே அது காலமுறைத் தன்மை பெறுகின்றது. சாதனம் கழற்றப்படும்போது செலுத்தி தன் நினைவகத்தை விடுவிக்கின்றது. அதன் பின்னர் மீளழைப்பு ஒருமுறையேனும் இயங்குமாயின், வேறெதற்கோ வழங்கப்பட்டுவிட்ட நினைவகத்தில் அது கைவைக்கும். கணினி முழுவதுமே வீழ்ந்துபோகலாம். வீழாமல் தரவு மௌனமாகச் சிதைவது அதனினும் கொடிது என்பதே எமது கருத்து.

லினக்ஸில் நெடுங்காலம் இரு வழிகள் இருந்துவந்தன. டெல்_டைமர் வரிசையிற் காத்திருக்கும் டைமரை அகற்றும்; அவ்வளவே. அதே கணத்தில் இன்னொரு முறைவழியாக்கியில் மீளழைப்பு இயங்கிக்கொண்டிருப்பின் அதனைப் பொருட்படுத்தாது. டெல்_டைமர்_சிங்க் அவ்வியக்கம் முடியும்வரை காத்திருக்கும். மீளழைப்பு தானே டைமரை மீள அமைத்திருப்பின் அதனையும் அகற்றும். ஆயின் காத்திருப்பவர் பிடித்துள்ள பூட்டையே மீளழைப்பும் வேண்டி நின்றால் இரண்டும் முடிவின்றி முடங்கும். பூட்டை விடுத்த பின்னரே அழைக்க வேண்டுமென்பது இதனாலேயே. (2025இல் இவற்றின் பழைய பெயர்கள் கைவிடப்பட்டு, டைமர்_டிலீட், டைமர்_டிலீட்_சிங்க் என்பனவே நிலைத்தன.)

மீளழைப்பன்றி வேறொரு பகுதி டைமரை அமைக்கும்போது என்ன நிகழும்? குவால்கொம் புளூடூத் செலுத்தி இதற்குத் தக்க சான்றாகும். அங்கு டைமர் வேலை வரிசையிற் பணியொன்றைச் சேர்க்கின்றது. அப்பணியோ டைமரை அமைக்கின்றது. டைமரை முதலில் நீக்கினால் எஞ்சியிருக்கும் பணி அதனை உயிர்ப்பித்துவிடும். வரிசையை முதலில் அழித்தால், டைமர் எழுந்து இல்லாத வரிசையிற் பணி சேர்க்க முனையும். முதலிற் செய்யப்பட்ட திருத்தம் காத்திருக்கும் நீக்கத்தைப் புகுத்தி, ஒழுங்கையும் மாற்றியது. விபத்தின் வாய்ப்புக் குறைந்ததேயன்றி வழு நீங்கவில்லை. ஒன்றையொன்று தோற்றுவிக்கும் இரண்டில் எதனை முதலில் அகற்றுவது என்ற வினாவே இங்குப் பிழையானது.

2023 பெப்ரவரியில் வெளியான 6.2 பதிப்பில் இடம்பெற்ற டைமர்_ஷட்டவுண்_சிங்க் வினாவையே மாற்றியமைத்தது. காத்திருக்கும் டைமரை அகற்றி, இயங்கும் மீளழைப்பு முடியும்வரை பொறுத்திருந்து, டைமர் சுட்டும் செயற்கூற்றையும் அது வெறுமையாக்குகின்றது. இனி எவர் அதனை அமைக்க முயன்றாலும் கேர்னல் அம்முயற்சியை ஓசையின்றிப் புறக்கணிக்கும். மேற்கூறிய செலுத்தி இப்போது டைமர்களை இவ்வாறு மூடிய பின்னரே வேலை வரிசையை அழிக்கின்றது.

பூட்டுப் பற்றிய எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். அத்துடன், புறக்கணிப்பு ஓசையற்றதாதலால், டைமர் எழுமென நம்பிக் காத்திருக்கும் பகுதி ஏதும் செலுத்தியில் இருப்பின் அது என்றென்றும் காத்திருக்கும். சாதனத்தைத் தற்காலிகமாக உறங்கவைக்கையில் இவ்வழி பொருந்தாது. மூடப்பட்ட டைமரை மீளப் பயன்படுத்த வேண்டின் அதனைப் புதிதாக ஆரம்பநிலைப்படுத்தவே வேண்டும். அவ்விடத்துக்குரியது பழைய காத்திருக்கும் நீக்கமே.