8 லட்சத்து 69 ஆயிரம் பேர் எங்கே போனார்கள்?

ஆனேக்கல் தாலுகாவில் அத்திப்பள்ளி, ஜிகனி, பொம்மசந்திரா பக்கம் குடியிருக்கும் தமிழர் வீடுகளில் ஒரு சங்கடம் உண்டு. பிள்ளை பள்ளிக்கூடத்தில் சரித்திரத்தைக் கன்னடத்திலோ இங்கிலீஷிலோ படிக்கிறது. வீட்டுக்கு வந்து சந்தேகம் கேட்பது தமிழில்.

ராஜா கதை என்றால் எப்படியோ சொல்லிச் சமாளித்து விடலாம். ஆனால் பாடத்தில் ஓர் அட்டவணையைப் போட்டு, "இந்த எண்களில் இருந்து என்ன தெரிகிறது?" என்று கேட்டிருந்தால் அப்பாவும் அம்மாவும் விழிக்கிறார்கள்.

விழிக்க வேண்டியதே இல்லை. சம்பளக் கணக்கும் சரக்குக் கணக்கும் பார்த்துப் பழகியவர்கள்தானே நாம்! நம் மண்ணிலேயே நடந்த ஒரு சம்பவத்தின் கணக்கை எடுத்துப் பார்ப்போம்.

தாது வருஷப் பஞ்சம்

1876-ல் மழை பொய்த்தது. 1878 வரை தென்னாட்டைப் பஞ்சம் வாட்டியது. தமிழில் இதற்கு "தாது வருஷப் பஞ்சம்" என்று பெயர். கன்னடப் பஞ்சாங்கத்திலும் அந்த வருஷம் தாது, அடுத்த வருஷம் ஈசுவர என்பதுதான். அவர்களுக்கு யுகாதி அன்று வருஷம் பிறக்கும். நமக்குச் சித்திரையில் பிறக்கும். சில வாரங்கள்தான் வித்தியாசம்.

அன்று ஆனேக்கல், மைசூர் ராஜ்யத்தின் பெங்களூர் ஜில்லாவில் இருந்தது. கூப்பிடு தூரத்தில் உள்ள ஓசூர், சென்னை ராஜதானியின் சேலம் ஜில்லாவில் இருந்தது. இரண்டு பக்கமும் வெள்ளைக்காரர் நிர்வாகம்தான். ஆனால் கணக்குப் புத்தகம் வேறு வேறு.

மைசூர் ராஜ்யத்தில் 1871-ல் எடுத்த கணக்குப்படி ஜனத்தொகை 50 லட்சத்து 55 ஆயிரம். 1881-ல் அது 41 லட்சத்து 86 ஆயிரம். குறைந்தது 8 லட்சத்து 69 ஆயிரம். அதாவது 100-க்கு 17 பேர்.

சேலம் ஜில்லாவில் 1871-ல் 19 லட்சத்து 67 ஆயிரம். 1881-ல் ஏறக்குறைய 16 லட்சம். இங்கே 100-க்கு 18 பேருக்கு மேல் குறைவு. எல்லைக்கோட்டின் இரண்டு பக்கமும் அடி ஒன்றுபோலவே விழுந்திருக்கிறது.

லட்சமா, மில்லியனா?

பிள்ளைகள் முதலில் தடுக்கி விழும் இடம் இது. கன்னடப் பாடத்தில் "லக்ஷ" என்று இருக்கும். அது நம் லட்சம்தான். இங்கிலீஷ் புத்தகத்தில் மில்லியன் என்று போட்டிருந்தால், 1 மில்லியன் என்பது 10 லட்சம். 50 லட்சத்து 55 ஆயிரம் என்பதை இங்கிலீஷில் 5.055 மில்லியன் என்று எழுதுவார்கள். தொகை ஒன்றுதான்.

வார்த்தையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கன்னடத்தில் "பர" என்றால் மழை இல்லாத வறட்சிக்கும் அதுதான், சோறு இல்லாத பஞ்சத்துக்கும் அதுதான். தமிழில் வறட்சி வேறு, பஞ்சம் வேறு. வறட்சி வானம் செய்வது. பஞ்சத்தில் மனிதனுக்கும் பங்கு உண்டு.

அந்தப் பங்கையும் எண்ணே காட்டுகிறது. ஜோலார்பேட்டையில் இருந்து பெங்களூருக்கு 1864-லேயே ரெயில் வந்துவிட்டது. பஞ்ச காலத்தில் அந்தப் பாதையில் தானியமும் வந்தது. வந்த தானியத்தை வாங்க ஏழையிடம் காசு இல்லை. 1877 தொடக்கத்தில் சர் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி, நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு ஒரு நாள் கூலி 1 பவுண்டு தானியமும் 1 அணாவும் போதும் என்று குறைத்தார். 1 பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. கல் உடைத்து மண் சுமக்கிறவனுக்கு இது எப்படிப் போதும்?

சென்னை ராஜதானியின் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்தார். பிறகு கூலி உயர்த்தப்பட்டது. 1871 ஜனத்தொகைக் கணக்கின் சென்னை அறிக்கையைத் தயாரித்தவரும் இதே கார்னிஷ்தான்! தலைகளை எண்ணியவரே அந்தத் தலைகளுக்காக வாதாடியிருக்கிறார்.

குறைந்தவர் எல்லாம் இறந்தவரா?

இங்கேதான் பிள்ளைகள் நிதானமாக யோசிக்க வேண்டும். 8 லட்சத்து 69 ஆயிரம் பேரும் செத்துப் போனார்கள் என்று எழுதினால் விடை தப்பு.

குட்ஸ் ஷெட் வேலை தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஆரம்ப இருப்பு 100 மூட்டை, கடைசி இருப்பு 83 மூட்டை என்றால் 17 மூட்டை குறைந்தது தெரியும். அது டெலிவரி ஆனதா, திருட்டுப் போனதா, நனைந்து வீணானதா என்று இருப்புக் கணக்கு சொல்லாது. அதற்கு வரவு, செலவுப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும்.

ஜனத்தொகையிலும் அப்படியே. பசியிலும் காலராவிலும் இறந்தவர்கள் உண்டு. பிழைப்புத் தேடி இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் உண்டு. பிறக்க வேண்டிய குழந்தைகள் பிறக்காமல் போனதும் உண்டு. வழியில் விழுந்து செத்த எத்தனையோ பேரின் பெயர் எந்தக் கிராமப் பதிவிலும் ஏறவில்லை. அதோடு 1871 கணக்கு முதல் முயற்சி. அதில் எண்ணாமல் விட்டுப் போனவர்கள் இருந்தால், உண்மையான இழப்பு இன்னும் அதிகம்.

சராசரியை நம்பலாமா?

சென்னை ராஜதானி முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் 1871-ல் சுமார் 3 கோடியே 12 லட்சம், 1881-ல் சுமார் 3 கோடியே 8 லட்சம். 100-க்கு ஒன்றரைப் பேர்கூடக் குறையவில்லை. "பெரிய பஞ்சம் இல்லை போலிருக்கிறதே!" என்று தோன்றும்.

காரணம், தஞ்சாவூர் ஜில்லாவில் ஜனத்தொகை 19 லட்சத்து 74 ஆயிரத்தில் இருந்து 21 லட்சத்து 30 ஆயிரமாகக் கூடியிருந்தது. காவிரிப் பாசனம் காப்பாற்றியது. தஞ்சாவூரின் வரவு சேலத்தின் செலவை மறைத்துவிட்டது. மொத்தத்தை மட்டும் பார்த்தால் சேலத்துக்காரன் பட்ட பாடு தெரியாது.

காயம் ஆறவும் வெகுநாள் ஆயிற்று. மைசூரில் 1891-ல் 49 லட்சத்து 44 ஆயிரம். 20 வருஷம் கழித்தும் பழைய எண்ணிக்கை வரவில்லை. 1901-ல்தான் 55 லட்சத்தைத் தாண்டியது.

பெயர் மாறும், எல்லை மாறும்

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. 1871-ன் மைசூர் வேறு, இன்றைய கர்நாடகம் வேறு. 1956-ல் எல்லை விரிந்தது. 1973-ல் பெயர் மாறியது. ஓசூர் 1965 வரை சேலம் ஜில்லாவிலும், பிறகு தர்மபுரியிலும், 2004 முதல் கிருஷ்ணகிரியிலும் இருக்கிறது. பெங்களூர் ஜில்லா 1986-ல் நகரம், ஊரகம் என்று இரண்டானது. ஆனேக்கல் நகர ஜில்லாவில் சேர்ந்தது. பழைய எண்ணையும் புது எண்ணையும் ஒப்பிடும்போது இரண்டும் ஒரே நிலப்பரப்பா என்று பார்க்க வேண்டும்.

ஆகவே பிள்ளைக்கு மூன்று கேள்விகளைச் சொல்லிக் கொடுங்கள். யார் எண்ணினார்கள், எதற்காக எண்ணினார்கள்? யாரை எண்ணாமல் விட்டார்கள்? இந்த மொத்தத்துக்குள் எந்த ஊர் மறைந்திருக்கிறது? இவற்றைத் தமிழில் யோசித்துக் கன்னடத்தில் எழுதலாம், இங்கிலீஷிலும் எழுதலாம்.

நாமும் ஓர் எண்

பெங்களூர் நகர ஜில்லாவில் 2001-ல் 65 லட்சம் பேர். 2011-ல் 96 லட்சம் பேர். அந்த 31 லட்சம் அதிகரிப்பில் வேலை தேடி வந்த நம்மவர்களும் அடக்கம்.

2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027-ல் நடத்த மத்திய அரசு 2025 ஜூனில் அறிவித்தது. கணக்கெடுப்பாளர் கதவைத் தட்டும்போது "நாங்கள் வெளியூர், எங்களை எதற்கு?" என்று ஒதுங்க வேண்டாம். எந்த ஊரில் வசிக்கிறோமோ அங்கே எண்ணப்பட வேண்டும். வாடகை அறையில் ஐந்து பேர் தங்கியிருந்தால் ஐந்து பேரையும் சொல்லுங்கள். தாய்மொழி எது என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். 1948-ம் ஆண்டுச் சட்டப்படி தனி மனிதர் தரும் விவரம் ரகசியமாக வைக்கப்படும். பயப்பட ஒன்றும் இல்லை.

தாது வருஷத்தில் ரோட்டோரம் விழுந்தவர்களின் பெயரைப் பதிய ஆள் இல்லை. நம்மைப் பதிய ஆள் வருகிறார். பதிய வேண்டியது நம் கடமை.